சொல்ல வேண்டும்

கார்த்திகை கழிந்து மானாவாரிக் கடலை காய்ந்ததும் எங்கள் வீட்டுக்கு ஒரு சாக்குப்பை வரும். விராலிமலைக்கு மேற்கே ஒரு சிற்றூரில் இருக்கும் அக்கா ஒருவர் பஸ் டிரைவரிடம் கொடுத்தனுப்புவார். "சார், பதினோரு மணிக்கு பஸ் ஸ்டாண்டுல வாங்கிக்குங்க" என்று அவருடைய மகன் போனில் சொல்வான். 17 வருஷம் இது ஒருமுறையும் தவறியதில்லை. அந்தக் கடலையை நானும் மனைவியும் பிள்ளைகளும் அவித்தும் வறுத்தும் தின்றிருக்கிறோம். அவர் மகனை நான் காப்பாற்றினேன் என்பதற்காக வரும் கடலை அது.

நான் காப்பாற்றவில்லை. அவனைப் படுக்கையில் தள்ளிய நோய் அவன் வீட்டு ஆடுகளில் இருக்கிறது என்பது, அவன் படுப்பதற்கு ஆறு மாதம் முன்பே எனக்குத் தெரியும். நான் சொல்லவில்லை. ஒரு வருஷம் கழித்து அவனுக்கு என்ன நோய் என்று கண்டுபிடித்துக் கொடுத்தபோது, எனக்கு அது முன்பே தெரியும் என்பதையும் சொல்லவில்லை. இந்த இரண்டு மௌனத்தில் இரண்டாவதுதான் பெரிய குற்றம்.

என் தொழிலைச் சொன்னால்தான் மற்றது புரியும். நான் கால்நடை மருத்துவம் படித்தவன், மேற்படிப்பு எபிடமாலஜி. செத்துக் கிடக்கும் மாட்டைப் பார்த்து இது ஏன் செத்தது என்று கேட்பவர் டிஸ்பென்சரி டாக்டர். அந்த ஊரில் மொத்தம் எத்தனை மாடு, அதில் எத்தனை செத்தது, எந்தத் தெருவில், எந்த மாதத்தில், எந்தச் சந்தையில் பிடித்த மாடு என்று கேட்பவன் நான். அதிலும் விலங்கிலிருந்து மனிதருக்குத் தாவும் நோய்கள்தான் என் பாடம்: வெறிநாய்க்கடி, அடைப்பான், எலிக்காய்ச்சல், கன்று வீச்சு. மனிதரைத் தொற்றும் நோய்களில் நூற்றுக்கு 60 விலங்குகளோடு நாம் பங்கிட்டுக்கொண்டவை என்று சொல்லித்தான் என் ஒவ்வொரு வகுப்பையும் தொடங்குவேன்.

கன்று வீச்சைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். புருசெல்லோசிஸ் என்பது எங்கள் புத்தகப் பெயர். சினைமாடு ஏழாம் எட்டாம் மாதத்தில் கன்றை வீசிவிடும். ஆடு நாலாம் மாதத்தில். "குட்டி வீசிருச்சு" என்பார்கள். கண் பட்டது, வெடிச் சத்தத்தில் மிரண்டது, ஈரப் புல்லைத் தின்றது என்று காரணமும் சொல்வார்கள். விழுந்த குட்டியிலும் இளங்கொடியிலும் பனிக்குட நீரிலும் புருசெல்லா கிருமி கோடிக்கணக்கில் இருக்கும். ஒருமுறை வீசிய ஆடு அடுத்த ஈற்றில் நல்லபடியாகக் குட்டி போட்டுவிடும். பார்ப்பவருக்கு நோய் போய்விட்டது என்று தோன்றும். ஆனால் அந்த ஈற்றிலும் கிருமி வெளியேறும், மடியிலிருந்து பாலிலும் இறங்கும். மனிதருக்குத் தொற்றினால் மாலையில் ஏறி விடியலில் வேர்வையாய் இறங்கும் காய்ச்சல், மூட்டுவலி, இடுப்புவலி, ஆண்களுக்கு விதை வீக்கம். உயிரை எடுப்பது அபூர்வம். ஆளை ஒன்றுக்கும் ஆகாமல் மாதக்கணக்கில் உட்காரவைத்துவிடும்.

பச்சைப் பாலும் பாலாடைக்கட்டியும்தான் நோய் வரும் வழி என்று மேல்நாட்டுப் பாடநூல்கள் முதலில் எழுதும். நம் ஊரில் பாலைக் காய்ச்சாமல் குடிப்பவர் குறைவு. இங்கே வழி, கை. தலை திரும்பிய குட்டியைக் கைவிட்டுத் திருப்புகிற கை, மூக்குச் சளியை வழித்துவிடுகிற கை, விழாத இளங்கொடியைப் பிடித்து இழுக்கிற கை. மாடு ஈன்றால் இளங்கொடியை வைக்கோலில் சுற்றிக் கொண்டுபோய் ஆலமரத்தில் கட்டுவார்கள். பால் வடிகிற மரம், அதனால் மடியிலும் பால் பெருகும் என்று நம்பிக்கை. அந்தப் பழக்கத்தில் எனக்குக் குறை இல்லை. நாய் இழுத்துக்கொண்டு தெருவெல்லாம் போவதைவிட அது மேல். கட்டுகிற கையில் உறை இல்லை என்பதும், கட்டிவிட்டு வந்து சோப்புப் போடுவதில்லை என்பதும்தான் என் கவலை. இதையெல்லாம் நான் கருத்தரங்குகளில் பேசியிருக்கிறேன், நன்றாகவே பேசுவேன்.

2005 மாசியில் அந்த ஊருக்குப் போனோம். மாவட்டத்தில் ஆடுகளிடையே இந்த நோய் எவ்வளவு பரவியிருக்கிறது என்று அளக்கும் ஆராய்ச்சித் திட்டம். கால்நடை ஆய்வாளர் முன்னே நடந்து ஒவ்வொரு கொட்டிலாகக் காட்ட, நாங்கள் கழுத்து நரம்பில் ரத்தம் எடுத்துக்கொண்டே வந்தோம். ஊருக்குக் கடைசி வீடு அக்காவுடையது. 11 வெள்ளாடு. கணவர் இறந்து சில வருஷம் ஆகியிருந்தது. ஆட்டைப் பிடித்துக் கொடுத்தவன் அவருடைய ஒரே மகன், அப்போது 21 வயது. ஒரு கையால் கொம்பையும் மறு கையால் தாடையையும் பிடித்து அவன் ஆட்டை நிறுத்துகிற விதத்தைப் பார்த்து, எங்கள் துறைக்கு இவன் வந்திருக்கலாம் என்று கூட வந்தவரிடம் சொன்னேன். காவலர் தேர்வுக்குத் தயாராகிறான், விடியற்காலம் கண்மாய்க் கரையில் ஓடுகிறான் என்று அக்கா சொன்னார். ஊரில் யார் வீட்டு ஆடு குட்டி போடத் திணறினாலும் அவனைத்தான் கூப்பிடுவார்களாம். மூச்சு விடாத குட்டியின் வாயில் வாய் வைத்து ஊதி எழுப்பிவிடுவானாம். அதை அவர் பெருமையாகச் சொன்னார். நான் கேட்டுக்கொண்டேன்.

"தையில மூணு ஆடு குட்டிய வீசிருச்சு தம்பி. இந்த ரத்தத்துல அதுக்குக் காரணம் தெரியுமா?"

"தெரியும்க்கா. ரிசல்ட் வந்ததும் நானே வந்து சொல்றேன்."

அவர் மோர் கொடுத்தார். குடித்துவிட்டுக் கிளம்பினோம்.

இந்த நோய்க்கு முதல் பரிசோதனை மிக எளிது. கண்ணாடித் தட்டில் ஒரு சொட்டு சீரம், பக்கத்தில் ஒரு சொட்டு ரோஸ் பெங்கால் ஆன்டிஜென். இரண்டையும் குச்சியால் கலந்து தட்டை நாலு நிமிஷம் மெல்ல ஆட்ட வேண்டும். நோய் இல்லையென்றால் ரோஜா நிறத்தில் வழவழவென்று அப்படியே இருக்கும். இருந்தால் பால் திரிவதுபோல மணல் மணலாகப் பிரியும். 217, 218, 223 என்ற மூன்று சீரமும் ஒரு நிமிஷத்துக்குள் திரிந்தன. மறுபடியும் போட்டுப் பார்த்தேன். சந்தேகமே இல்லை. என் கள நோட்டில் அந்த மூன்று எண்ணுக்கு நேராக அடையாளம் எழுதியிருந்தது: செவலை, வலது காது கிழிசல். கருப்பு, நெற்றியில் சுட்டி. கருப்பு, கொம்பு ஒடிந்தது. அவற்றைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம் போட்டு, ஓரத்தில் இரண்டு வார்த்தை எழுதினேன். "சொல்ல வேண்டும்." அன்று 2005 மார்ச் 11.

நான் போகவில்லை.

ஏன் போகவில்லை என்பதற்கு என்னிடம் அப்போது நாலைந்து காரணங்கள் இருந்தன. ஒவ்வொன்றும் கேட்க நியாயமாகவே இருக்கும். நோயுள்ள ஆட்டை அழித்தால் கொடுக்க என்னிடம் இழப்பீட்டுப் பணம் எதுவும் இல்லை. வெறுமனே சொன்னால் என்ன நடக்கும் என்று அனுபவத்தில் தெரியும்: அடுத்த வாரமே அந்த ஆடு மணப்பாறைச் சந்தைக்குப் போய்விடும், நோய் இன்னொரு கொட்டிலுக்கு மாறும். ஊரில் செய்தி பரவினால் பக்கத்து ஊரில் ரத்தம் கொடுக்க மாட்டார்கள், எங்களுக்கோ இன்னும் எட்டு ஊர் பாக்கி. மனிதருக்கு நோய் வருமா என்பதைச் சொல்ல வேண்டியது சுகாதாரத் துறை. நான் சொன்னால் எல்லை மீறல் ஆகும். திட்டத்தின் நோக்கம் பரவலை அளப்பது. வீடு வீடாகப் போய்ச் சொல்வது அதில் எழுதப்படவில்லை.

இவற்றில் ஒன்றுகூடப் பொய் இல்லை. ஆனால் இவற்றில் எதற்காகவும் நான் போகாமல் இருக்கவில்லை. அந்த வருஷம் என் பதவி உயர்வுக்கு ஆய்வுக்கட்டுரை வேண்டியிருந்தது. ரத்தம் கிடைத்த அன்றே அந்த ஊரில் எனக்கு ஆக வேண்டியது முடிந்துவிட்டது. அக்கா வீடு என் அட்டவணையில் ஒரு வரிசை. வரிசை நிரம்பியதும் என் கவனம் அடுத்த வரிசைக்குப் போனது. காரணங்களை நான் பின்னால்தான் தேடிக்கொண்டேன். சித்திரையில் கால்நடை ஆய்வாளர் ஒருமுறை போன் செய்து, "அந்தக் கடைசி வீட்டு அம்மா ரிசல்ட் கேக்குறாங்க சார்" என்றார். அறிக்கை வரும் என்று சொன்னேன். அறிக்கை எழுத வேண்டியவனே நான்தான்.

போயிருந்தால் சொல்ல வேண்டியது ஐந்து நிமிஷப் பேச்சு. இந்த மூன்றையும் தனியாகக் கட்டுங்கள். குட்டி போடும்போது வெறுங்கையால் தொட வேண்டாம், கையுறை நான் தருகிறேன். வாயால் ஊதவே கூடாது. இளங்கொடியைச் சுண்ணாம்பு போட்டு ஆழமாகப் புதையுங்கள். பாலை நன்றாகப் பொங்கக் காய்ச்சுங்கள். யாருக்காவது விடாமல் காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் முதல் வார்த்தையாக நாங்கள் ஆடு வளர்க்கிறோம் என்று சொல்லுங்கள். அவ்வளவுதான். இதற்கு இழப்பீட்டு நிதி வேண்டியதில்லை, சுகாதாரத் துறையின் அனுமதியும் வேண்டியதில்லை.

வகுப்பில் நான் விரும்பிச் சொல்லும் கதை மால்ட்டாத் தீவுடையது. 1887 இல் டேவிட் புரூஸ் அங்கே காய்ச்சலில் இறந்த பிரிட்டிஷ் சிப்பாய்களின் மண்ணீரலில் இந்தக் கிருமியைக் கண்டார். அது எங்கிருந்து வருகிறது என்பது அதற்குப் பிறகும் 18 வருஷம் பிடிபடவில்லை. தண்ணீரைச் சந்தேகித்தார்கள், கொசுவை, தூசியைச் சந்தேகித்தார்கள். 1905 இல் தெமிஸ்டோக்ளிஸ் சாமிட் என்ற மால்ட்டா நாட்டு மருத்துவர் சோதனைக்கென்று கொண்டுவந்த ஆடுகளின் ரத்தத்தை முதலில் பார்த்தபோது, நோயின் தடயம் அவற்றிலேயே இருந்தது. கொழுகொழுவென்று, நோயின் அறிகுறி இல்லாமல், வீட்டு வாசலில் நின்று பால் கறந்து கொடுத்த ஆடுகள். மறு வருஷம் படைவீரர்களுக்கு ஆட்டுப்பால் தடை செய்யப்பட்டது. முகாமில் காய்ச்சல் சட்டென்று இறங்கியது. இதுவரை சொல்லிவிட்டு, பாருங்கள், எபிடமாலஜியின் வெற்றி என்பேன். மாணவர்கள் குறித்துக்கொள்வார்கள்.

மிச்சக் கதையை நான் வேகமாகக் கடந்துவிடுவேன். தடை சிப்பாய்க்குத்தான். தீவின் சொந்த மக்கள் அதே ஆடுகளின் பாலைத் தொடர்ந்து குடித்தார்கள். அவர்களுக்குக் காய்ச்சலும் தொடர்ந்தது. பதப்படுத்திய பால் அங்கே விற்பனைக்கு வந்தது 1938 இல். உண்மை கண்டுபிடிக்கப்பட்ட தீவிலேயே, கண்டுபிடித்தவரின் சொந்த சனத்திடம் அது வந்து சேர 33 வருஷம் ஆகியிருக்கிறது. இந்தப் பகுதியில் நான் ஏன் நிற்கவே மாட்டேன் என்பது இப்போது தெரிகிறது.

2006 ஐப்பசியில் பக்கத்து ஊரில் ஒரு தடுப்பூசி முகாம். அக்கா ஆடுகளை ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். கொஞ்சம் தள்ளி வேப்பமரத்தடியில் கம்பை ஊன்றிக்கொண்டு ஒருவன் நின்றான். ஏதோ வயதானவர் என்று நினைத்தேன். அவன் என்னைப் பார்த்து வணக்கம் சொன்னபோதுதான் அடையாளம் தெரிந்தது. கழுத்து ஒடுங்கி, சட்டை தோளில் தொங்கிக்கொண்டிருந்தது. நாலடி நடக்க இடுப்பைப் பிடித்துக்கொண்டான்.

போன வருஷம் புரட்டாசியில் காய்ச்சலாகத் தொடங்கியிருக்கிறது. டைபாய்டு என்று ஒரு மாதம் மருந்து. போய்ப் போய்த் திரும்பி வந்தது. இடுப்புவலி சேர்ந்ததும் படம் எடுத்துப் பார்த்து முதுகுத்தண்டில் காசநோய் என்று முடிவு செய்து மாத்திரை தொடங்கினார்கள். மாத்திரை தின்கிறவரை சற்றுத் தேவலை, நிறுத்தினால் மறுபடி. அதைக் கேட்டதுமே எனக்குப் புரிந்துவிட்டது. காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின் புருசெல்லாவையும் அமுக்கும், ஆனால் அந்தக் கூட்டுமருந்து இந்த நோயை வேரறுக்க அமைந்ததில்லை. தனியாகக் கூட்டிப்போய் விதை வீக்கம் உண்டா என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டான். அம்மாவிடம்கூட அதை அவன் சொல்லியிருக்கவில்லை.

காவலர் தேர்வு போயிருந்தது. ஊரில் சிலர் அவனைச் சோம்பேறி என்றார்கள். பகலில் நன்றாகத்தானே இருக்கிறான், சாயங்காலம் ஆனால் படுத்துக்கொள்கிறான் என்று. இந்த நோயின் கொடுமை அது. அமெரிக்க விஞ்ஞானி ஆலிஸ் இவான்ஸ், மாட்டுக் கிருமியும் மால்ட்டா ஆட்டுக் கிருமியும் நெருங்கிய உறவு என்று 1918 இல் எழுதி, பச்சைப்பால் ஆபத்து என்று எச்சரித்தவர். டாக்டர் பட்டம் இல்லாத பெண் சொன்னதை யாரும் எளிதில் ஏற்கவில்லை. 1922 இல் அதே கிருமி அவரையே தொற்றியது. பல வருஷம் விட்டுவிட்டுப் படுத்தியெடுத்தது. மருத்துவர்கள் அதை நரம்புத் தளர்ச்சி என்றார்கள். அந்தக் கிருமியை உலகத்தில் மிக நன்றாக அறிந்தவருக்கே அந்த நிலை என்றால், விராலிமலைப் பக்கத்துப் பையன் என்ன சொல்லி யாரை நம்பவைப்பான்?

மறுநாளே அவனைத் திருச்சிக்கு அழைத்துப்போனேன். தெரிந்த மருத்துவர் ஒருவரிடம் ரத்தம் பார்க்கச் சொன்னேன். புருசெல்லோசிஸ் உறுதியானது. டாக்சிசைக்ளினும் ரிஃபாம்பிசினும் சேர்த்து, முதுகுத்தண்டு வரை இறங்கியிருந்ததால் மூன்று மாதம். ஒரு மாதத்தில் காய்ச்சல் நின்றது. தையில் கம்பு இல்லாமல் நடந்தான். இடுப்பு முழுதும் சரியாகவில்லை, இன்றுவரை குனிந்து பாரம் தூக்க முடியாது. ஆனால் அக்காவுக்கு மகன் திரும்பக் கிடைத்துவிட்டான். என் காலில் விழப் போனார். தடுத்தேன். ஒரு கிடாக்குட்டியைக் கொண்டுவந்தார். மறுத்தேன். கடலையை மறுக்க முடியவில்லை.

அந்த நாட்களில் ஒன்று நடந்தது. நோய் ஆட்டிலிருந்து வந்திருக்கிறது, ஆடுகளைச் சோதிக்க வேண்டும் என்று சொல்லி அவர் கொட்டிலுக்குப் போனேன். முதல் தடவை பார்ப்பவன்போல ரத்தம் எடுத்தேன். நெற்றிச் சுட்டி இருந்தது. கொம்பொடிந்தது இருந்தது. செவலை இல்லை. கொட்டிலைச் சுற்றி ஒருமுறை கண்ணால் தேடினேன். செவலை எங்கே என்று கேட்டிருக்க வேண்டும். கேட்டால், வலது காது கிழிந்த செவலையைப் பற்றி எனக்கு எப்படி இவ்வளவு நினைவு என்று அக்கா திருப்பிக் கேட்பார். அந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான் உண்டு. நான் கேட்கவில்லை. இரண்டு ஆட்டின் ரத்தத்தைக் கொண்டுபோய், புதிதாகக் கண்டுபிடித்ததுபோல வந்து சொல்லி, அவற்றை ஒதுக்கச் சொன்னேன். செத்துப்போயிருக்கும், கறிக்குப் போயிருக்கும் என்று எனக்கு நானே முடிவு கட்டிக்கொண்டேன். ஒரு கொட்டிலிலிருந்து காணாமல்போன நோயுள்ள ஆடு எங்கே போனது என்று தேடுவதைத் தவிர எனக்கு வேறு தொழிலே கிடையாது.

கணக்கும் போட்டுப் பார்த்தேன். தையில் குட்டி வீசிய ஆடுகள் பங்குனியில் மறுபடி சினை பிடித்திருக்கின்றன. ஐந்து மாதம். ஆவணியில் ஈன்றிருக்கின்றன, வழக்கம்போல அவன்தான் பார்த்திருக்கிறான், ஒரு குட்டிக்கு வாயால் ஊதியதாக அவனே சொன்னான். புரட்டாசியில் காய்ச்சல். நான் சிவப்பு வட்டம் போட்டது மார்ச் 11. ஆவணிக்கு ஐந்து மாதத்துக்கு மேல் இருந்தது. திருச்சியிலிருந்து அந்த ஊர் போய்வர ஒரு பகல் போதும்.

அதன் பிறகு நான் செய்ததுதான் எழுதக் கூசுகிறது. அவன் கதையை மேடைகளில் சொன்னேன். பெயர் இல்லாமல், முகத்தை மறைத்து, ஒரு படம். "விலங்கு மருத்துவர் கண்டறிந்த மனித நோய்" என்று தலைப்பு. அதற்கு முந்தைய ஸ்லைடில் கால்வின் ஷ்வாபே இருப்பார். கால்நடை எபிடமாலஜியின் முன்னோடி, மனித மருத்துவத்துக்கும் விலங்கு மருத்துவத்துக்கும் நடுவே கோடு கிடையாது என்று வாழ்நாளெல்லாம் வாதாடியவர். ஒன் ஹெல்த் என்ற சொல் பரவலானபோது என் ஸ்லைடும் கூடவே வளர்ந்தது. ஆட்டைப் பார்க்கிற டாக்டரும் ஆளைப் பார்க்கிற டாக்டரும் பேசிக்கொண்டால் ஒரு பையன் எழுந்து நடப்பான் என்று முடிப்பேன். கைதட்டுவார்கள். கோட்டைப் போட்டவனே நான்தான் என்பது அந்த அறையில் யாருக்கும் தெரியாது. ஆட்டைச் சேர்ந்தது என் வேலை, ஆளைச் சேர்ந்தது வேறு துறை என்று மார்ச் மாதத்தில் அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டுதான் நான் வீட்டில் இருந்தேன்.

2019 இல் மத்திய அரசு தேசியக் கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. கோமாரியோடு கன்று வீச்சும் அதில் சேர்ந்தது. 4 முதல் 8 மாத வயதுக் கிடேரிக் கன்றுகளுக்கும் எருமைக் கன்றுகளுக்கும் தடுப்பூசி. நல்ல காரியம், பயிற்சி வகுப்புகளுக்கு நானும் போனேன். அந்தத் தடுப்பூசி உயிருள்ள கிருமி. போடுபவர் கையில் தவறிக் குத்தினால் அவருக்கே நோய் வரும் என்பதை ஒவ்வொரு வகுப்பிலும் அழுத்திச் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் இளம் டாக்டர்கள். ஒரு பெண் எழுந்து, "ஆடுகளுக்கு இந்தத் திட்டத்தில் இடமில்லையே சார், பாசிட்டிவ் வந்தால் ஆட்டுக்காரரிடம் என்ன சொல்வது?" என்று கேட்டார். சொல்லத்தான் வேண்டும் என்றேன். அதற்கு மேல் பேச வாய் வரவில்லை. அன்று இரவு தூங்கவில்லை. ஆனால் அன்றும் நான் அந்த ஊருக்குப் போகவில்லை. தூக்கம் கெட்டதையே ஒரு பரிகாரமாக எண்ணிக்கொள்ளும் பழக்கம் எனக்கு அதற்குள் வந்துவிட்டிருந்தது.

ஓய்வு பெற்று அலமாரியைக் காலி செய்தபோது அந்த நோட்டு கிடைத்தது. மறந்துவிட்டேன் என்று என்னிடமே பலமுறை சொல்லியிருக்கிறேன். சிவப்பு மை மங்கவே இல்லை. மனைவியிடம் காட்டினேன். அவள் படித்துவிட்டு, "அந்தக் கடலையை எப்படி வாங்கித் தின்னீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

2024 ஆவணியில் போனேன். நோட்டையும் எடுத்துப்போனேன். அக்காவுக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. மகன் இப்போது ஊர் முக்கில் தீவனக்கடை வைத்திருக்கிறான். நான் வந்திருப்பது கேட்டுக் கடையை அடைத்துவிட்டு வந்தான். திண்ணையில் உட்கார்ந்து, முதலிலிருந்து சொன்னேன். காரணங்களைச் சொல்லவில்லை. சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவன் எழுந்து கொட்டிலுக்குப் போய் ஆடுகளுக்குத் தண்ணீர் வைத்தான். வாளி நிரம்பி வழிந்து ஓடுகிற சத்தம் வெகுநேரம் கேட்டது.

அக்கா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

"அப்பவே தெரியுமா தம்பி?"

"தெரியும்க்கா."

"ஆடு எது எது?"

நோட்டைப் பிரித்து வாசித்தேன். சுட்டி, கொம்பொடிந்தது, செவலை. அவர் மூன்றாவதில் கையைக் காட்டி நிறுத்தினார்.

"சுட்டியும் கொம்பொடிஞ்சதும் நீங்க சொல்லித்தான் ஒதுக்குனோம். செவலைய அதுக்கு முன்னாலயே குடுத்துட்டேன். எங்க நாத்தனா மக கட்டிக்குடுத்த புதுசு. மசக்கையா இருக்கா, பாலுக்கு ஆகும்னு சினை ஆடா ஓட்டிவிட்டேன். அது ஈனுனப்ப அவதான் பாத்தா." குரல் தாழ்ந்தது. "அவளுக்கு அந்தத் தடவையும் தங்கல, அடுத்த தடவையும் தங்கல. அதுவும் இதாலதானா?"

அப்படியும் நடக்கும் என்று எனக்குத் தெரியும். வேறு காரணமாகவும் இருக்கலாம். அப்போது ரத்தம் பார்த்திருந்தால் சொல்லியிருக்கலாம், இத்தனை வருஷத்துக்குப் பிறகு உறுதியாக எதையும் சொல்ல முடியாது. அதை அப்படியே சொன்னேன்.

"செவலை இல்லைன்னு அன்னைக்கே பாத்தீங்கள்ல?"

"பாத்தேன்க்கா."

"ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லியிருப்பனே. நாலு மைல்தான்."

அவர் எழுந்து உள்ளே போனார். அழப் போகிறார் என்று நினைத்தேன். முகம் கழுவி, வேறு சேலை மாற்றிக்கொண்டு வந்தார். மகனைக் கூப்பிட்டு ஆடுகளைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். வாசற்படியில் இறங்கி நின்று என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"வாங்க. அந்த நோட்டையும் எடுத்துக்குங்க. அவகிட்டயும் நீங்களே சொல்லுங்க."

முன்னால் நடந்தார். நான் பின்னால் போனேன்.